சேபாவில் வாங்க ஒன்றுமில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கரிபியன் பயணக் கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். சென்ற் மார்ட்டின் தீவின் ஃபிலிப்ஸ்பேர்க் நகரத்துக்கும் அங்குள்ள தீர்வையற்ற நகைக்கடைகளுக்கும் கட்டுரையாளர் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். பக்கத்துத் தீவான சேபாவுக்கு வந்ததும் எல்லாம் ஒரே வரியில் முடிந்துவிட்டது: கடற்கரை இல்லை, கடைத்தெரு இல்லை, வாங்க ஒன்றுமில்லை, அரை நாள் போதும். அந்த ஒரு வரியால்தான் இதை எழுதுகிறேன். (கட்டுரையில் 'சபா' என்று இருந்தது. அந்த ஊரவர்கள் 'சேபா' என்றுதான் சொல்கிறார்கள்.) என் மகள் அங்கே மருத்துவம் படிக்கிறாள். சென்ற மாசியில் மூன்று கிழமை அவளோடு தங்கிவிட்டு வந்தேன்.

கடற்கரை இல்லை என்பது ஏறக்குறையச் சரிதான். 13 சதுர கிலோமீற்றர் அளவில், கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பி நிற்கும் எரிமலை அது. சனத்தொகை 2,000 அளவில். விமான ஓடுபாதை 400 மீற்றர்தான். இறங்கும்போது நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கடை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வரிசையாக இல்லை, அவ்வளவுதான். வின்ட்வர்ட்சைட் என்ற ஊரில் எல்லா வீடுகளுக்கும் வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. அவற்றுக்கு நடுவே எது வீடு, எது கடை என்பது உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு முன்னறையில் ஓவியங்கள் மாட்டியிருக்கும். ஒரு பட்டறையில் கண்ணாடிக் கோலைச் சுவாலையில் பிடித்து உருக்கி, மணி மணியாக உருட்டிக்கொண்டிருப்பார்கள். நின்று பார்த்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். றம்மில் கறுவா, கராம்பு, பெருஞ்சீரகம், சீனி எல்லாம் சேர்த்து வீட்டிலேயே காய்ச்சும் 'சேபா ஸ்பைஸ்' என்ற பானம் பழைய போத்தல்களில் நிரப்பி விற்பனைக்கு இருக்கும். வீட்டுக்கு வீடு பக்குவம் வேறு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சேபா லேஸைப் பற்றி. லேஸ் என்றதும் நூலைப் பின்னுவதைத்தான் நினைப்போம். இது அப்படியல்ல. லினன் துணியில் இழைகளை எண்ணி, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, மிஞ்சி நிற்கும் இழைகளை ஊசியால் கட்டிக் கட்டிப் பூவும் நட்சத்திரமுமாக ஆக்குகிறார்கள்.

ஹெல்ஸ் கேட் ஊரின் சமூகக் கூடத்தில் ஒரு மேசையில் கைக்குட்டைகளும் சிறு விரிப்புகளும் பரப்பி வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகல விரிப்பு ஒன்றின் விலையைக் கேட்டதும் என் வாய் பழக்கத்தில் "குறைக்க மாட்டீர்களா" என்று கேட்கப் போனது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, எழுபது வயதுக்கு மேலிருக்கும், அப்போது வேறொரு துணியில் வேலையாக இருந்தார். ஊசி நுனியால் ஒரு இழையை மட்டும் தூக்கி, வெட்டி, மெல்ல இழுத்தார். இழை நெளிந்து நெளிந்து முழுதாக வந்தது. நானும் ஒன்று இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். துணியை என் பக்கம் திருப்பித் தந்தார். பாதி வந்ததும் பட்டென்று அறுந்துவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, துணிக்குள் ஒளிந்த நுனியைத் தேடிப் பிடித்து வெளியே எடுக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அந்தக் கை அளவு துணியைத் தொடங்கி ஆறு கிழமை ஆகிறதாம். நான் விலையைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

இந்த வேலை அந்தத் தீவுக்கு வந்தது 1870களில். வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் படிக்கப் போன மேரி கெர்ட்ரூட் ஜோன்சன் என்ற பெண் அங்கே கற்றுக்கொண்டு வந்து ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆண்களில் பெரும்பாலானோர் கப்பலோடு போய்விடுவார்கள். வீட்டை நடத்தியது பெண்கள். விற்கச் சந்தை கிடையாது, சரியான துறைமுகம்கூடக் கிடையாது. பாறையில் வெட்டிய எண்ணூறுக்கு மேற்பட்ட படிகளில் எல்லாச் சாமானும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறித்தான் ஊருக்குள் வந்தது. அப்படி வந்த பெட்டிகளில் அச்சடித்திருந்த அமெரிக்கக் கம்பனிகளின் முகவரிகளை அந்தப் பெண்கள் குறித்துக்கொண்டார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், எங்களிடம் இன்ன இன்ன லேஸ் இருக்கிறது, வேண்டுமா என்று. ஓடர் வந்தது. லேஸ் தபாலில் போனது. 1928 அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டொலருக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். சாமான் இறக்கும் கரையிலிருந்து தலைநகரான 'த பொட்டம்' வரைக்கும் வீதி போட்டு முடித்ததே 1943இல்தான். முதல் மோட்டார் வாகனம் தீவில் இறங்கியது 1947இல். வீதிக்கு முன்பே வியாபாரத்தை வெளியூருக்குக் கொண்டுபோன பெண்களின் ஊரைப் பார்த்து "வாங்க ஒன்றுமில்லை" என்று அச்சில் வந்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டுரையாளரில் எனக்குக் கோபம் இல்லை. காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிறவருக்கு அந்த முன்னறைகள் கண்ணில் படாது. ஆனால் உங்கள் இதழை வாசித்துவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் எங்கள் சமூகத்தில் நிறையப் பேர். அவர்களுக்காகச் சிலது சொல்கிறேன். இரண்டு இரவாவது தங்குங்கள். தீவு நெதர்லாந்தைச் சேர்ந்தது என்றாலும் புழங்குவது அமெரிக்க டொலர். சில்லறை நோட்டாகக் கையில் வைத்திருங்கள். பூட்டியிருக்கும் கடையின் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், ஆள் வரும். மெஷின் லேஸ் எந்த ஊரிலும் மலிவாகக் கிடைக்கும். இங்கே வாங்கும்போது செய்தவர் யார் என்று கேட்டு வாங்குங்கள், சந்தோசமாகச் சொல்வார்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். இன்று லேஸ் வேலை செய்பவர்கள் சிலரே, அவர்களிலும் பெரும்பாலானோர் வயதானவர்கள். ஒரு கைக்குட்டைக்குப் பத்து டொலர் குறைத்துக் கேட்டால் யாருடைய எத்தனை மாலைப்பொழுதுகளைக் குறைக்கச் சொல்கிறோம் என்று யோசியுங்கள்.

வாரத்தில் ஒரு பின்னேரம் அந்தப் பெண்கள் வின்ட்வர்ட்சைட்டில் கூடியிருந்து வேலை செய்கிறார்கள். யார் போனாலும் பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சோதனை இல்லாத கிழமைகளில் என் மகளும் போகிறாள். அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது இந்தத் திருத்தத்தைப் போடுவீர்களா? படம் தேவையென்றால் நான் வாங்கி வந்த விரிப்பைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி