காயிலை இடம் மாற்றிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன், நீ பேசினதை விட பின்னால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தத்தைத்தான் அதிகமாகக் கேட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது, ஒழுங்காக ஓடுகிறது, ஃப்ளைஓவர் ஏறும்போது மட்டும் குலுக்கி இழுக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற இக்னிஷன் காயில் மேல்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கில் பொறி தாவ இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், அரைகுறையாகப் போன காயில் அப்போதுதான் கையை விரிக்கும்.

சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கிற எட்டு காயிலையும் ஒர்க்‌ஷாப்பில் மொத்தமாக மாற்றச் சொன்னார்களா? அவசரப்படாதே. வண்டி பழசுதான், ஆனாலும் அமெரிக்காவில் 1996-க்கு அப்புறம் வந்தது, அதனால் டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனர் சொருக சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் ஒரு கோளாறு எண் காட்டும், அதைத்தான் கோட் (code) என்பார்கள். பி0304 என்று வந்தால் நாலாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0351-லிருந்து 0358 வரை ஏதாவது வந்தால் காயில் சர்க்யூட்டிலேயே கோளாறு, அதில் வயரும் கனெக்டரும் சேர்த்திதான். வெறும் 0300 என்றால் எந்த சிலிண்டர் என்று அதற்கே பிடிபடவில்லை.

நாலு என்று வந்ததாக வைத்துக்கொள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். எது நாலாவது என்று மேனுவலில் பார், கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் வரிசை வேறு. கனெக்டர் லாக்கை மெதுவாக எடு, வெயிலில் வெந்த பிளாஸ்டிக், பொடிப்பொடியாக உதிரும். ஒரு போல்ட்தான், கழற்றிவிட்டு காயிலைத் திருகித் திருகி மேலே இழு. அதைக் கொண்டுபோய் இரண்டாவதில் மாட்டு, இரண்டாவதை இங்கே மாட்டு. ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு அதே ஃப்ளைஓவர் ஏறு. இப்போது 0302 வந்தால் திருடன் அந்தக் காயில்தான், ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். திரும்பவும் 0304-தான் என்றால் காயிலை விட்டுவிட்டு பிளக்கைப் பார், அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம். கழற்றும்போதே காயிலின் அடியில் பிளக்கை மூடுகிற ரப்பர் உறையில் கருகின கோடு இருக்கிறதா, பிளக் குழியில் தண்ணீரோ ஆயிலோ நிற்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துவிடு. ஆயில் இருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் போயிருக்கும், அதைச் சரி பண்ணாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் கெடும்.

காயிலை மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லாதே. நீ பிறப்பதற்கு முன்னால் அத்தை குடும்பத்தை அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு வேலூர் போனோம், வாலாஜா தாண்டினதும் வண்டி நின்றுவிட்டது. அதில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில். தொட்டால் கை பொத்துவிடும் போலச் சூடு. அத்தையின் துண்டை நனைத்து அதன் மேல் சுற்றி அரைமணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம், அப்புறம் ஒரே ஸ்டார்ட்டில் எடுத்தது. மறுநாள் சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அளந்தால் ரீடிங் சுத்தமாக இருக்கிறது! ஆறின காயில் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும். (துண்டு திரும்பக் கிடைக்கவில்லை என்று அத்தை இன்னும் சொல்கிறாள்.)

அந்தக் காலத்தில் வண்டி ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த சிலிண்டர் செத்தது என்று கண்டுபிடிப்போம். நீ அதைச் செய்யாதே, பல்லாயிரம் வோல்ட், உன் வண்டியின் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. இங்கே தெருவில் ஓடுகிற டீசல் குட்டியானைக்குக் காயிலும் இல்லை ஸ்பார்க் பிளக்கும் இல்லை, நீ தேடிப் பிடித்து பெட்ரோல் வண்டி வாங்கியிருக்கிறாய்.

முக்கியமானது, செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரங்கட்டு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடும், அதன் விலையில் பத்து காயில் வாங்கலாம்.

சனிக்கிழமை காலையில் கழற்றும்போது வீடியோ கால் போடு, இங்கே ராத்திரியாகிவிடும், பரவாயில்லை, முழித்திருப்பேன். போன காயிலைக் குப்பையில் போடாதே, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, அறுத்து உள்ளே பார்க்கணும்.

அப்பா