தூண்டில் ரீல்களுக்கு உதிரிபாகம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட சென்னையின் சிறுதொழில்களைப் பற்றி எழுதும்போது வலை பின்னுவோரையும் படகு எஞ்சின் மெக்கானிக்குகளையும் பத்திரிகைகள் மறப்பதில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே காசிமேட்டிலும் இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் தூண்டில் ரீலை, அதாவது தூண்டில் இழையான நரம்பைச் சுற்றி இழுக்கும் சாதனத்தை, பழுதுபார்க்கும் சிலர், சைக்கிள் கடை அளவுகூட இல்லாத இடங்களில் உட்கார்ந்து வேலை செய்துவருகிறோம். எங்கள் தொழிலில் கைத்திறனைவிடப் பெரிய சிக்கலாக இருப்பது உதிரிபாக இருப்பு. அதைப் பற்றிச் சிலவற்றை வாசகர்களுக்கும், முக்கியமாக ரீல் விற்கும் வணிகர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

கையில் நரம்பைச் சுற்றிக்கொண்டு தூண்டில் போட்ட இடங்களில் இன்று ராடும் ரீலுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். எண்ணூர் கழிமுகம், பழவேற்காடு, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் என்று எங்கே பார்த்தாலும் இதே காட்சிதான். ஃபைபர் படகில் போய்ப் பாறை மீனுக்கும் வஞ்சிரத்துக்கும் தூண்டில் போடுவோரும் உண்டு. அவர்கள் கையில் இருப்பவை ஷிமானோ, டைவா, பென் போன்ற பெயர்பெற்ற ரீல்களும், பெயரே இல்லாமல் பெட்டியில் வரும் மலிவு ரீல்களும். இவற்றை விற்கக் கடைகளுக்குக் குறைவில்லை, இணையத்திலும் கிடைக்கின்றன. ஆனால் பெயில் ஸ்பிரிங் (நரம்பைச் சுற்றிவிடும் கம்பி வளையத்தை மடக்கும் ஸ்பிரிங்) முறிந்துவிட்டது என்று வாங்கிய கடைக்கே கொண்டுபோனால், பார்ட்ஸ் வராது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. விரல் நுனியளவுகூட இல்லாத ஒரு கம்பிச் சுருளுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் பரணுக்குப் போகிறது.

எல்லா மாடலுக்கும் எல்லாப் பாகங்களையும் கடைக்காரர் வாங்கி அடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைச் செய்தால் எந்தக் கடையும் தாங்காது. உப்புநீரில் எது கெடுகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தச் சிறு பட்டியலை மட்டுமாவது விற்பவர் தன் கடையில் வைத்திருக்கக் கடமைப்பட்டவர் என்பதே என் கருத்து.

ரீலுக்குள் இருப்பவற்றை நாங்கள் இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். அளவு தெரிந்தால் வெளியில் வாங்கிவிடக் கூடியவை ஒரு வகை; குறிப்பிட்ட மாடலுக்கென்றே நிறுவனம் செய்தவை இன்னொரு வகை. முதல் வகையில் முக்கியமானது பேரிங். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்றையும் வெர்னியரில் அளந்துவிட்டால் ரீலின் பெயரே தேவைப்படாது. நரம்பு புரண்டு ஓடும் லைன் ரோலரிலும் கைப்பிடிக் குமிழிலும் பல ரீல்களில் இருப்பது 4×7×2.5 மில்லிமீட்டர். பெரிய பற்சக்கரத்தின் இருபுறமும் 7×11×3, அதோடு சேர்ந்து சுழலும் சிறு பற்சக்கரமான பினியனைத் தாங்கும் இடத்தில் 7×14×5, பெயிட்காஸ்டிங் என்ற வகை ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் 3×10×4 ஆகியவையும் அடிக்கடி வருபவை. இவற்றோடு 5×8×2.5, 5×11×4 என்ற இரண்டு அளவுகளையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருப்பவர், வரும் வேலைகளில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டியிராது. சிறிய அளவைத்தான் அதிகம் வைத்திருக்க வேண்டும். முதலில் உப்பு ஏறி இறுகுவது லைன் ரோலர்தான். அது சுற்றாமல் நின்றுவிட்டால் ஓடும் நரம்பு ரோலரின் மேலேயே கோடு கிழித்துவிடும், பிறகு அந்தக் கோடே நரம்பை அறுக்கும். பேரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு ரோலரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

பாரிமுனைப் பக்கம் பேரிங் வாங்கப் போகிறவர்கள் அளவை மட்டும் சொல்லி வாங்கிவிடக் கூடாது. அதே அளவில் மோட்டாருக்கென்று விற்கும் சாதாரண குரோம் எஃகு பேரிங், கடல்நீர் பட்டால் வெகு சீக்கிரம் துருவேறிவிடும். பேரிங் எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்துள்ள ஸ்டெயின்லெஸ் வகையைக் கேட்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் இது ஸ்டெயின்லெஸ் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பேரிங்கைப் பொறுத்தவரை இந்தச் சோதனை செல்லாது. பேரிங்குக்குப் பயன்படும் 440சி போன்ற ஸ்டெயின்லெஸ் எஃகு கடினப்படுத்தப்படுவது; அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். சமையலறைப் பாத்திரத்துக்குரிய சோதனையை இங்கே கொண்டுவந்து நல்ல சரக்கை ஒதுக்குவதில் பொருளில்லை.

டிராக் வாஷர்களையும் இதே வகையில் சேர்க்கலாம். மீன் இழுக்கும்போது ஸ்பூலை வழுக்கவிட்டு நரம்பு அறாமல் காப்பவை இவை. மலிவு ரீல்களில் கம்பளித் தாள் போன்ற ஃபெல்ட்டும், விலை கூடியவற்றிலும் பெரிய ரீல்களிலும் கார்பன் வாஷரும் இருக்கும். மாடலுக்கு மாடல் அளவு வேறுபடுவதால் வாஷராக வாங்கி வைப்பது வீண். தாளாக வாங்கி, பழைய வாஷரின் உள், வெளி விட்டத்தை அளந்து பஞ்ச் என்ற துளையிடும் கருவியால் வெட்டிக்கொள்வதே சிக்கனம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியபோது அங்கே பயன்பட்ட ரீல்களுக்கு முதலில் தேவைப்பட்டதும் இந்தத் தாள்தான். எண்ணெய் குடித்த ஃபெல்ட்டைக் கழுவி மீட்க முடியாது.

சிறு சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இ-கிளிப் (அச்சில் மாட்டும் சிறு பூட்டு வளையம்), இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையமான ஷிம், 2, 2.5, 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் திருகுகள், ஓரிங் ஆகியவற்றைப் பெட்டி பெட்டியாகவே வைத்திருக்கலாம். இ-கிளிப்பைக் கழற்றும்போது ரீலைப் பாலிதீன் பைக்குள் வைத்துக் கழற்றினால் அது பறந்து காணாமல் போகாது. அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் திருகைப் போடும்போது மரையில் கிரீஸ் தடவாவிட்டால், உப்புநீர் புகுந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து, அடுத்த முறை திருகு வராமல் தலை மழுங்கிவிடும். எல்லாப் பழுதுக்கும் பாகம் தேவை என்பதும் இல்லை. கைப்பிடி பின்னோக்கிச் சுற்றுகிறது என்று வரும் ரீல்களில் பலவற்றில் ஒருவழி கிளட்ச் பேரிங்குக்குள் யாரோ தாராளமாகக் கிரீஸ் அடைத்திருப்பார்கள். கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும்.

இரண்டாவது வகையில்தான் எங்கள் கை கட்டப்படுகிறது. பெயில் ஸ்பிரிங், பெயில் கம்பி, ஸ்லைடர், பெரிய பற்சக்கரம், பினியன் ஆகியவற்றை அளவு சொல்லி வாங்க முடியாது. ஒரே பெயரில் வரும் ரீல்கூடச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. பெயர் அப்படியே இருக்கும், உள்ளே பற்சக்கரம் பொருந்தாது. தேய்ந்த பினியனோடு புதிய பற்சக்கரத்தைச் சேர்த்தால் இரைச்சல் நிற்காது என்பதால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே இருப்பில் வைப்பதென்றால் செலவு இரட்டிப்பாகும், எந்த மாடல் வரும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஓரளவு ஆறுதல், ஷிமானோவில் 4000 என்ற அளவும் சி5000 என்ற அளவும், அதேபோல் 2500உம் சி3000உம், ஒரே உடலில் செய்யப்படுவதுதான். ஸ்பூல் வேறானாலும் உள்பாகங்கள் பலவும் பொதுவாக இருக்கும். மற்றபடி, உடைந்த ரீல்களை எடைக்குப் போடாமல் வாங்கி வைத்து அவற்றிலிருந்து பிரித்தெடுப்பதே எங்கள் கிடங்கு. துத்தநாகக் கலவையில் வார்த்த பற்சக்கரம் உள்ள மிக மலிவான ரீல்களுக்கு நான் பற்சக்கரம் தேடுவதே இல்லை. அந்த உழைப்புக்கு அது தகுதியற்றது என்று வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து நாங்களே வரவழைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வணிகத்துக்காக இறக்குமதி செய்ய ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற வேண்டும்; அது பெரிய தடையல்ல. நான்கு ஸ்பிரிங்குக்கான கூரியர் கட்டணம் அந்த நான்கு ஸ்பிரிங்கின் விலையைத் தாண்டிவிடுவதுதான் தடை. ரீலைப் பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்பவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. சுங்கத் தலைப்பு 9507இன் கீழ் ரீல்கள் வருகின்றன. ரீலுக்கென்றே செய்த பாகங்களுக்கும் அதே தலைப்புதான். ரீல் வரும் சரக்கோடு சேர்த்தே ஒவ்வொரு மாடலுக்கும் சில பெயில் ஸ்பிரிங், லைன் ரோலர், ஒருவழி கிளட்ச், ஒன்றிரண்டு ஜோடிப் பற்சக்கரங்கள் என்று அவரால் வரவழைத்துவிட முடியும். அவற்றை எங்களுக்கு இலவசமாகத் தர வேண்டியதில்லை, லாபம் வைத்தே விற்கட்டும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே அதில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. மீன்பிடிச் சாதனங்களையும் இதில் சேர்க்கலாம். பாகத்தின் எண்ணும் பிரித்துக் காட்டிய வரைபடமும் பொதுவில் கிடைத்தாலே எங்கள் வேலை பாதி குறையும்.

கடன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கிடைக்கிறது, நடைமுறை மூலதனத்துக்கும் அது உண்டு. ஆனால் வங்கிக்குப் போனால் என்ன இயந்திரம் வாங்குகிறீர்கள், கொட்டேஷன் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் தொழிலில் இயந்திரம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. முதலீடு முழுவதும் சிறு டப்பாக்களுக்குள் பேரிங்காகவும் வாஷராகவும் கிடக்கிறது. பேரிங் கடையின் விலைப்பட்டியலையே கொட்டேஷனாக ஏற்றுக்கொள்ளும்படி கிளைகளுக்கு அறிவுறுத்தினால் பலருக்கு உதவியாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும். தூண்டில்காரர்களின் ரீல்கள் எங்களிடம் குவிவதும் அப்போதுதான். ஆகையால் கடன் மார்ச் மாதத்துக்குள் கைக்கு வந்தால்தான் சரக்கு வாங்கி வைக்க முடியும்.

ரீல் வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும், பாகங்களைப் பிரித்து எண்ணிட்டுக் காட்டும் தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பழுதுக்கு வரும்போது ரீலோடு அந்தத் தாளையும், ரீலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் கொண்டுவந்தால், பாகம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அன்றே சொல்லிவிட முடியும்.

இங்ஙனம்,
தூண்டில் ரீல் பழுதுபார்ப்பவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.