அந்தப் பையன் வரட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. உன் சின்னவனுக்குப் பள்ளி மாற்றும் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேம்ப்பா" என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தோம். பேச்சிலும் யோசனையிலும் சின்னவன் வயசுக்கு எவ்வளவோ மேலே, எழுதும் வேகத்தில் ரொம்பக் கீழே. இரண்டையும் கூட்டி வகுத்து 'சராசரி' என்கிறார்களாமே! அறிவு இருப்பதால் தடுமாற்றம் வெளியே தெரியவில்லை, தடுமாற்றத்தால் அறிவும் தெரியவில்லை. கடைசியில் சோம்பேறி என்ற பெயர்தான் மிச்சம். அதை நம்பாமல் விடாப்பிடியாக டெஸ்ட் எடுக்க வைத்தாயே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதற்காக அவனை ஒரு வகுப்பு கீழே போடச் சம்மதிப்பதா?

லீவுக்கு வந்தபோது, அமாவாசைக்கு அமாவாசை ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டேன். "நிலாவோட பாதை அஞ்சு டிகிரி சாஞ்சிருக்கு தாத்தா" என்று இரண்டு தட்டை வைத்துக் காட்டினான். அதையே மூன்று வரி எழுதச் சொன்னேன். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்ததும் நோட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். இவனைக் கீழ்வகுப்பில் உட்கார வைத்தால் கை வேகமாகிவிடுமா?

1896-லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுக்க வாய்வழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய வாத்தியார். புதுப் பள்ளியில் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்காதே. வாயால் பதில் சொல்ல விடுவீர்களா, டைப் அடிக்க விடுவீர்களா, பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டா என்று கேள். எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும். அதற்காக அறிவியல் வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. அந்த மேல்வகுப்புப் பையனை வீட்டுக்கு வர வேண்டாம் என்றாயாமே. சின்னவன்தான் உன் அம்மாவிடம் சொன்னான், அவனைத் திட்டாதே. பெரிய பையன், படிப்பிலும் சுமார், சகவாசம் சரியில்லை என்று நினைத்திருப்பாய். இவனுக்கு யோசனை பதின்மூன்று வயசுக்கு உண்டு, தோற்றால் வரும் அழுகை ஆறு வயசுக்கு. சரியாக ஒன்பது வயசில் இவனுக்கு ஈடு எங்கே தேடுவாய்? நட்சத்திரம் பேச அவன், மண்ணில் புரள எதிர்வீட்டுப் பொடியன். இருந்துவிட்டுப் போகட்டுமே. இவன் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காத ஒரே பையன் அவன்தானாம்.

முடிவு உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும்தான், நான் தலையிடவில்லை. ஆனாலும் மறுபடி சொல்கிறேன், கீழ்வகுப்பு வேண்டாம். பள்ளியை மாற்றினாலும் அந்தப் பையன் வாரம் ஒருமுறையாவது வந்து போகட்டும். அவன் அம்மாவிடம் நீயே ஒரு வார்த்தை பேசிவிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சின்னவனிடமும் போனைக் கொடு.

அன்புடன்,
அப்பா