டிவிடி எழுதாமலே லினக்ஸைப் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்ததும், நன்றாக ஓடுகிற கணினியைக்கூட தூக்கிப்போட நினைக்கிறார்களே, மனசு கேட்கவில்லை. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், அதை முயன்று பார்க்க டிவிடி எழுதவே வேண்டாம். 16 ஜிபி பென்டிரைவில், அதிலிருந்தே கணினியைத் தொடங்க உதவும் வென்டாய் என்ற இலவச மென்பொருளை நிறுவிவிட்டு (உள்ளே இருப்பது அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்), உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒரே கோப்பு) அப்படியே காப்பி செய்து, கணினியை அதிலிருந்து தொடங்கினால் சரி. நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இது தெரியாது, அது காட்டுவது போலி வன்பொருளைத்தான். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதைப் படங்களோடு போடுங்கள், முக்கியமாக பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) பூட் வரிசையை, அதாவது கணினி எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்பதை, மாற்றும் இடத்தை. பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்