ஈயக் குதிரையும் 42,088 தோட்டாக்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னர்களுக்கு எதிரான கலகங்கள் பற்றிய கட்டுரையில், சிலையைச் சாய்ப்பதெல்லாம் வெறும் ஆத்திரம், அதனால் எந்த ஆட்சியும் விழுந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, ஆட்சி விழாது. ஆனால் ராஜா மேல் இருக்கும் பக்தி விழும். அது விழாமல் மற்றது எங்கே நடக்கும்?

அப்போது பிரிட்டனின் காலனியாக இருந்த நியூயார்க்கில் 1770இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் குதிரைச் சிலை வைத்தார்கள். ஈயத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசியது. லண்டன் திணித்ததல்ல, பத்திரங்கள், செய்தித்தாள்கள் மேல் போட்ட முத்திரை வரி ரத்தான நன்றியில் அந்தக் காலனியின் சட்டமன்றமே கேட்டு வாங்கியது. நாடாளுமன்றத்தின் மேலும் அமைச்சர்கள் மேலும்தான் மக்களுக்குக் கோபம். ராஜா நல்லவர், சுற்றியிருப்பவர்கள்தான் சரியில்லை என்றார்கள். (நாமும் கேட்காத பேச்சா!) 1775இல் பிரிட்டனோடு சண்டை தொடங்கிய பிறகும் அவருக்கு மனுப் போட்டுப் பார்த்தார்கள்.

1776 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் அங்கிருந்த படைவீரர்களுக்கு வாசிக்கப்பட்டது. அதில் குற்றப்பட்டியல் முழுக்க மன்னர் மீதுதான். கேட்ட கூட்டம் சிலை நின்ற போலிங் கிரீன் பூங்காவுக்குப் போய், கயிறு கட்டிச் சிலையைக் கீழே இழுத்துத் தலையை வெட்டியது. பிரகடனத்தில் பின்னால் கையெழுத்திட்டவர்கள் 56 பேர். பேனா பிடிக்கத் தெரியாதவனும் அன்று கயிற்றைப் பிடித்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த ஈயத்தில் பெரும்பங்கு கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லிட்ச்ஃபீல்டுக்குப் போனது. அங்கே, பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஆலிவர் வால்காட் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கித் தோட்டா வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார் என்று கணக்கே இருக்கிறது. மொத்தம் 42,088.

அமெரிக்கப் படையின் தளபதி வாஷிங்டன், சிலையைச் சாய்த்ததை ரசிக்கவில்லை. ஆர்வத்தில் செய்தது என்றாலும் கலவரம்போல் இருக்கிறது, இனிமேல் கூடாது என்று மறுநாளே ஆணையிட்டார். தளபதியின் கவலை அவருக்கு. மன்னரின் விசுவாசிகளோ சிலையின் துண்டுகளைத் திருடிப் புதைத்துவைத்தார்கள். தலையைத் தேடியெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வெறும் ஈயத்துக்கா இத்தனை பாடு?

ஒன்றை மறைக்கக் கூடாது. சுதந்திரம் பேசிய அந்த ஊரில் அடிமைகளும் இருந்தார்கள். நியூயார்க்கில் அடிமைமுறை ஒழிய 1827 ஆயிற்று.

நியூயார்க் போகும் நம்மவர்கள் போலிங் கிரீன் பக்கம் நிற்கும் வெண்கலக் காளைச் சிலையோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, சிலையைக் காக்க 1771இல் போட்ட இரும்பு வேலி இன்னும் நிற்கிறது. கம்பங்களின் உச்சியைத் தடவிப் பார்த்தால், அலங்காரங்களை அறுத்தெடுத்த இடம் கையில் சொரசொரவென்று படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி