ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: நீலகிரி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரிக்காரன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், ஏனென்றால் மழைக்காலம் வந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது சிபியூவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற ஆள் நான். ஈரம் ஏறி டிஸ்பிளே வராமல் போனால் ரேமைக் கழற்றி, அழிரப்பரால் இரண்டு தேய் தேய்த்து மாட்டிக் கொடுத்து, காசு கூட வாங்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் சண்டை போட இதை எழுதவில்லை. வைரஸ் வந்த கம்ப்யூட்டரை நீங்கள் பார்க்கிற விதத்தில் மட்டும் ஒரு மனத்தாங்கல்.

போன ஆடியில் நடந்தது. ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஏதோ கைடு பிடிஎஃப் தேடியிருக்கிறான். ஒரு பக்கத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று கட்டம், அதன் கீழே மூன்று வரி: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு. தட்டிவிட்டான். கறுப்பாக ஒரு ஜன்னல் வந்து மறைந்தது, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், 2024லிருந்து உலகம் முழுக்க ஓடுகிற தந்திரம் இது. கட்டத்தைத் தொட்டதுமே ஒரு கட்டளையை அந்தப் பக்கம் சத்தமில்லாமல் காப்பி செய்து வைத்துவிடுகிறது, அதை ஒட்டி ஓட்டுகிற வேலையை நம் கையாலேயே செய்ய வைக்கிறது. உள்ளே வருவது பெரும்பாலும் பாஸ்வேர்டு திருடுகிற ரகம். சேமித்து வைத்த பாஸ்வேர்டு, பிரவுசரின் குக்கி எல்லாவற்றையும் சில நிமிடத்தில் வாரி அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். லும்மா என்ற ஒன்றை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு போலீஸும் சேர்ந்து முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் அது புகுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் மட்டும் 3,94,000க்கு மேல்.

இரண்டு நாள் கழித்து என் பேரில் நண்பர்களுக்கெல்லாம் கிரிப்டோ விளம்பரம் போக ஆரம்பித்தது. உடனே சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. "வைரஸ்ணா, ஃபார்மட் போட்டா சரியாயிடும். டி டிரைவ்ல எல்லாம் இருக்குல்ல?" என்று கேட்டார்கள், நானும் இருக்கு என்று தலையாட்டினேன். 500 ரூபாய், சாயங்காலம் ரெடி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்த பிறகுதான் டெஸ்க்டாப் என்பது ஃபார்மட்டில் அழிகிற சி டிரைவில் இருக்கிற சமாச்சாரம் என்று உறைத்தது. ஃபேக்டரிக்கு எந்த மாதம் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டோம், கிலோவுக்கு என்ன விலை வந்தது என்று அப்பா நான்கு வருடமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டி வைத்த எக்செல் கணக்கு அங்கேதான் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பழைய நோட்டை எடுத்து மறுபடி கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

சரி, அது போகட்டும். அடுத்த வாரமே என் இமெயிலுக்குள் மறுபடி ஆள் வந்துவிட்டான்! கம்ப்யூட்டர் புதுசு மாதிரி சுத்தமாக இருக்கிறது, ஆனால் அவன் வருகிறான். எப்படி வராமல் இருப்பான், பாஸ்வேர்டு அதேதானே. நம் ஊரில் கரடி கதவை உடைத்து வந்தால் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், சேதம் அடுப்படியோடு முடிந்துவிடும். இவன் சாவிக்கொத்தையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பூட்டை மாற்றாமல் வீட்டுக்கு வெள்ளையடித்தால் எப்படி?

நான் கேட்பது இதுதான். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். போனில் கூப்பிட்டுச் சொல்கிறாரா, முதலில் நெட் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். கடைக்கே வந்துவிட்டாரா, அவருடைய செல்போனிலேயே, கடை வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில், முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். இமெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கடிதம் வந்து விழுகிற இடம் அதுதான். அப்புறம் நெட் பேங்கிங், அப்புறம் மற்றவை. எந்தக் காரணத்துக்காகவும் வைரஸ் வந்த அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்ற விடாதீர்கள், புதுச் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாம் ஒரு தடவை ஓடிபி போட்டு உள்ளே போனதும் 'இவர் நம்ம ஆள்தான்' என்று பிரவுசரில் ஒரு அடையாளச் சீட்டு உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் குக்கியைத் திருடினவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்று ஒவ்வொரு கணக்கிலும் தேடிக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்தால் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அதையும் வெட்டிவிட வேண்டும். இமெயிலில் மீட்பு எண் நம்முடையதுதானா, நமக்கு வருகிற கடிதம் வேறு முகவரிக்குத் திருப்பி விடப்படுகிறதா என்றும் ஒரு பார்வை. என் இமெயிலில் அப்படி ஒரு ஃபார்வர்டு முகவரி குந்திக்கொண்டிருந்தது, அதை எடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

பணம் போயிருந்தால் கம்ப்யூட்டரைத் தொடவே தொடாதீர்கள், ஆதாரம் அதில்தான் இருக்கிறது. முதலில் பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடச் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் கொடுக்கலாம். ரிசர்வ் பேங்கின் 2017 சுற்றறிக்கையே மூன்று வேலை நாட்களுக்குள் பேங்குக்குச் சொல்கிறவருக்கும் தாமதமாகச் சொல்கிறவருக்கும் யார் எவ்வளவு நஷ்டம் தாங்குவது என்பதில் வேறு வேறு கணக்குப் போட்டது. உங்கள் கடையில் சிபியூ மூன்று நாள் வரிசையில் காத்திருந்தால் அவருக்கு அந்த நாட்கள் போச்சு.

வந்ததையெல்லாம் ஃபார்மட் போட வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் கம்ப்யூட்டரில் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று நிமிடத்துக்கு ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அவரும் ஃபார்மட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அது வைரஸே இல்லை, எந்தத் தளத்திலோ நோட்டிஃபிகேஷனுக்கு 'அனுமதி' என்று அழுத்தியிருக்கிறார், பிரவுசர் செட்டிங்ஸில் அதை எடுத்துவிட்டால் போதும். லேசான சந்தேகம் என்றால் விண்டோஸிலேயே இருக்கிற டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பானில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டலாம், ரீஸ்டார்ட் ஆகிக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பாஸ்வேர்டு திருடுகிற ரகம் உள்ளே வந்துவிட்டது என்று உறுதியானால் ஃபார்மட்தான் சரி, அதில் உங்களோடு எனக்கு வாதமில்லை. ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வாடிக்கையாளரிடம் திறந்து காட்டி எது வேண்டும் என்று கேட்டு எடுங்கள். போட்டோவையும் எக்செலையும் எடுக்கலாம், எக்ஸ்ஈ (.exe) என்று முடிகிற ப்ரோகிராம் ஃபைல் எதையும் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, கசப்பான ஒன்று. ஃபார்மட் போட்டு நீங்கள் கொடுக்கிற விண்டோஸ்! வீட்டுக்கு வந்து டிஃபெண்டரைத் திறந்தால், சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்த பட்டியலில் மொத்த சி டிரைவும் இருக்கிறது. லைசன்ஸ் இல்லாத விண்டோஸை ஓட வைக்கிற கிராக் ஆக்டிவேட்டர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் காவல்காரனையே தூங்க வைத்திருக்கிறீர்கள். குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பையைக் குடைகிற ஊர் இது, அந்தக் கெடுபிடியில் கால்வாசியாவது உங்கள் மேஜையில் பல கை மாறுகிற இன்ஸ்டாலேஷன் பென் டிரைவுக்கு வேண்டாமா? மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அசல் ஃபைல் சும்மா கிடைக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்பில், 8ஆம் பதிப்புக் காலத்திலிருந்தே, லைசன்ஸ் உள்ளே இருக்கிற மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே எடிஷனைப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய ஹோம் எடிஷனைத் தூக்கிவிட்டுத் திருட்டு ப்ரோ போடுவது எதற்கு என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

இதற்கெல்லாம் நேரமாகும், தெரியும். 500க்குப் பதில் 800 கேளுங்கள், நான் தருகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்காவின் லேப்டாப்போடு வருகிறேன். ஹோம் எடிஷன், அசல் லைசன்ஸ். பாஸ்வேர்டெல்லாம் போனிலேயே மாற்றியாகிவிட்டது. டெஸ்க்டாப்பில் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
சாக்குப்பைக்காரன், கோத்தகிரி