வண்ணச் சுழல் சோப்புக்கு டம்ளர் அளவு உதவாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே வண்ணச் சுழல் சோப்பு செய்யும் குறிப்பு வந்திருந்தது. படம் கண்ணைப் பறித்தது. ஆனால் எண்ணெயும், அதைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா என்ற காரமும் டம்ளர், ஸ்பூன் கணக்கில் இருந்தன. எந்த எண்ணெய் என்றுகூட இல்லை. படித்துவிட்டு யாராவது அப்படியே செய்துவிடுவார்களே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறோம்.

ஒவ்வோர் எண்ணெயும் கேட்கும் காரம் வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் வேண்டும். கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. சுழல் வேலைக்கு நிதானமாக இறுகும் கலவை இது: தேங்காய் எண்ணெய் 400 கிராம், கடலை எண்ணெய் 550, விளக்கெண்ணெய் 50. இந்த எண்ணெய் முழுவதும் சோப்பாக 154 கிராம் காஸ்டிக் வேண்டும், அதுதான் முழுக்கணக்கு. கொஞ்சம் எண்ணெய் மீந்து நிற்க வேண்டும் என்பதால் 145 கிராம் மட்டும் போடுகிறோம். தண்ணீர் 320 கிராம். தேங்காய் எண்ணெய் விலை ஏறிப்போச்சென்று அந்த 400 கிராமையும் கடலை எண்ணெயாக மாற்றினால் முழுக்கணக்கே 136 கிராம்தான். அப்போதும் 145 போட்டால் மிச்சக் காரம் சோப்பிலேயே நின்று தோலை அரிக்கும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் தின்றுவிடும், வாயுவும் கிளம்பும். எவர்சில்வர் போசிதான் சரி. தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, காற்றோட்டமான இடம் எல்லாம் கட்டாயம். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். நம் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீரும் ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து நுரைக்காத திரிதிரியான கசடாகிவிடும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சுழலுக்கு வருவோம். குச்சியை எப்படிச் சுற்றுவது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் சுழல் விழுமா என்பது பாதிக்கு மேல் கலவையின் பதத்திலேயே முடிவாகிவிடுகிறது. காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் 35 முதல் 40 டிகிரிக்கு வந்தபின் சேருங்கள். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். முழுதும் உருக்காமல் சேர்த்தால், சோப்பு ஆகாமலேயே கலவை கெட்டியானதுபோல ஏமாற்றும். ஹேண்ட் பிளெண்டரை மூன்று நான்கு விநாடி ஓட்டி நிறுத்துங்கள், கரண்டியால் கிளறுங்கள், மறுபடி ஓட்டுங்கள். மேலே எண்ணெய்க் கோடு மறைந்து நிறம் ஒன்றானதும் பிளெண்டரை வைத்துவிட வேண்டும். கலவை அப்போது ஆப்ப மாவுப் பதத்தில் இருக்கும். கரண்டியைத் தூக்கி மேலே ஒரு கோடு ஊற்றிப் பாருங்கள். சில விநாடியில் கோடு மங்கி மறைந்தால் சுழலுக்கு ஏற்ற நேரம். கோடு அப்படியே நின்றால் சுழல் விழாது, அடுக்கு அடுக்காக ஊற்றிக்கொள்ளலாம். எண்ணெய்க் கோடு மறையும் முன்பே அவசரப்பட்டு ஊற்றினால் அச்சுக்குள் பிரிந்து, ஓரிடத்தில் எண்ணெயும் ஓரிடத்தில் காரமும் தேங்கும்.

வாசனையும் பதத்தைக் கெடுக்கும். கிராம்பு எண்ணெய், மல்லி போன்ற பூ வாசனைச் செண்டுகள் பல, கண்மூடித் திறப்பதற்குள் கலவையை இறுக்கிவிடும். நீலகிரித் தைலம் சாதுவானது. மேற்சொன்ன அளவுக்கு 20 கிராம் போதும். கடைசியில் கரண்டியால் கலக்குங்கள்.

நிறத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஈரோட்டு மஞ்சள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, போட்டதும் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவக்கிற அதே காரணம்தான். நாளாக ஆகப் பழுப்பு கலந்த மஞ்சளாகி, வெளிச்சத்தில் வெளுக்கும். பீட்ரூட்டும் செம்பருத்தியும் பழுப்பாகிவிடும், சங்குப்பூ நீலம் நிற்காது. நிற்பவை: தேங்காய்த் தொட்டிக் கரித்தூள், மஞ்சிட்டி வேர்ப்பொடி, அழகுசாதனத் தர அயர்ன் ஆக்ஸைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு. அரைக் கிலோ கலவைக்கு ஒரு டீஸ்பூன். கரித்தூள் அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் நுரையே சாம்பலாக வரும். ஒவ்வொன்றையும் முதலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் துணிச்சாயம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தொடவே வேண்டாம். அது தோலில் தேய்ப்பதற்கு ஆனதல்ல.

கலவையில் நூற்றுக்கு அறுபது பங்கு வெள்ளை, மீதியில் இரண்டு நிறம். வெண்ணெய்த்தாள் விரித்த, 25 செ.மீ. நீளம், 9 அகலம், 7 ஆழமுள்ள மரப்பெட்டி இதற்குப் போதும். முதலில் வெள்ளையில் பாதியை ஊற்றி, நிறங்களை நீளவாக்கில் கோடுகளாக விடுங்கள். பாத்திரத்தை உயர்த்தி ஊற்றினால் நிறம் அடிவரை இறங்கும், தாழ்த்தினால் மேலே நிற்கும். மீதி வெள்ளையை ஊற்றியபின், பெட்டியின் நீளத்துக்கு வளைத்த கம்பியை அடிவரை இறக்கி, ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை மேலும் கீழுமாக வளையமிட்டு நகர்த்தி வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வளையம் போதும். ஆசைக்கு இன்னொன்று போட்டால் எல்லாம் கலங்கி ஒரே சாம்பல் நிறம். துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி காரத்தில் அரிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நல்லது. இப்படிச் செய்தால் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு வில்லையிலும் சுழல் தெரியும். மேலே மட்டும் குச்சியால் போட்ட கோலம் வெட்டுமுகத்தில் வராது.

சித்திரை வெயிலில் பெட்டியைத் துணியால் மூடிவைக்காதீர்கள்.  சூடு மிஞ்சினால் மேலே வெடிக்கும். கம்பி அடுக்கில் வைத்து மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். குளிர் நாளில் கம்பளியால் சுற்றினால் முழுதும் ஒரே சீராகச் சூடேறும், நிறமும் எடுப்பாக இருக்கும். ஒன்று அல்லது இரண்டு நாளில் வெட்டி, காற்றோட்டத்தில் நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும். விற்க நினைப்பவர்கள் 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பில் விடுபட்டிருந்தது.

காஸ்டிக் சம்பந்தப்பட்ட எந்தச் செய்முறையானாலும், எண்ணெயின் பெயரோடும் கிராம் அளவோடும் மட்டுமே இனி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்தக் குறிப்புக்கான திருத்தத்தை வரும் ஞாயிறு இணைப்பிலேயே போடுங்கள்.

வாசகர்கள் சிலர்,
பெருந்துறை